பத்து நிமிஷத்துக்கு ஒரு வலி

மாசி எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சேர்மக்கனிக்கு வலி எடுத்தது, ஆடி முதல் தேதி மத்தியானம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது, நடுவில் கிடந்த நூற்று நாற்பத்தாறு நாளும் பத்து நிமிஷத்துக்கு ஒரு வலி வந்து ஒரு நிமிஷம் நின்று போனது, ஊர் எல்லைக்குள் இருந்தவரை அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை, தூக்கத்திலும் தப்பவில்லை, கோயில் கொடையிலும் தப்பவில்லை. நம்பாதவர்கள் ஈச்சந்திட்டுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். நான் அந்த ஊர் பால்வாடி டீச்சர், பெயர் உச்சிமாகாளி, பெயரைக் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் அழுதுவிடும் என்பதால் எல்லோருக்கும் நான் டீச்சர் மட்டும்தான். வாழ்க்கையில் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த விஷயத்தில் சொல்லவில்லை.

ஈச்சந்திட்டு மூன்று பக்கம் உப்பளமும் ஒரு பக்கம் கடலுமாக இருக்கிற ஊர். வெளியே போவதற்கு உப்பள வரப்பை அகலப்படுத்திப் போட்ட ஒரே ஒரு மண் ரோடு, அதன் பாதியில் ஓடைப் பாலம், அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஊர் நடுவில் ஒரு சர்க்கார் கட்டடம், அதில் ஒரு பாதி என் பால்வாடி, மறுபாதி பிரசவ அறை, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் மூன்று பிள்ளைகளும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பிறந்தார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு வருஷத்தில் நடக்க வேண்டிய அளவுக்கு இங்கே பிரசவம் நடக்கவில்லை என்று மேலே யாரோ சொல்லி, அறையை மூடும்படி ஒரு கடிதம் வந்தது. ஊர்ப் பெண்கள் போதுமான அளவு பெற்றுப் போடாததுதான் குற்றம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பஞ்சாயத்துத் தலைவர் செந்தூர்பாண்டி ஆள்காட்டி விரல் கனத்துக்குக் கொண்டி வைத்த பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அப்புறம் காலி அறையை வீணாக்குவானேன் என்று பிளீச்சிங் பவுடர் மூட்டையும், கொசுப்புகை மிஷினும், கிழிந்த பந்தல் துணியும், அவர் முகம் போட்ட பழைய பிளக்ஸ் போர்டும் அந்த வருஷமே ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சேர்ந்தன, அதற்கப்புறம் யாரும் பூட்டைத் தொடவில்லை.

சேர்மக்கனிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையை அவள் ஓடைப் பாலத்தில் பெற்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பாலத்துச் சேற்றில் வேன் பதிந்துகொண்டது, நானும் இன்னும் மூன்று பெண்களும் கூட இருந்தோம், அங்கேயே ஆண்பிள்ளை பிறந்து சிறிதாக ஒரு தடவை அழுதது. வேனுக்குள் சாரல் அடித்தது, துடைப்பதற்குக் காய்ந்த துணி ஒன்று இல்லை, பிள்ளையின் கைகால் நீலம் பூத்து வந்தது.

இனி சொல்வது என் கதை. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள், தேனையோ சீனித்தண்ணீரையோ தொட்டு முதன்முதலில் நாக்கில் வைப்பது, அதை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை, ஆகையால் ஊரில் பெரிய ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் தரக்கூடாது என்று என் பால்வாடிச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது, பசை தடவி ஒட்டியவள் நான்தான். ஆனாலும் வேனில் இருந்தவர்கள், "பிள்ளைக்கு வாய் இனிக்காமப் போயிரக்கூடாது, நீங்க படிச்சவிய, நீங்க வைங்க டீச்சர், ஒரு சொட்டுதான" என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது, அதற்கு முன்னால் என்னை யாரும் சேனை வைக்கக் கூப்பிட்டதே இல்லை. கைப்பையில் கிடந்த மிட்டாயைப் பாட்டில் மூடியில் தண்ணீர் விட்டுக் கரைத்து விரலால் தொட்டு வைத்தேன். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை வைத்தேன். பிள்ளைக்குப் புரையேறியது, அதற்குப் பிறகு அது அழவில்லை. ஆஸ்பத்திரியில் குளிர் என்றார்கள், ஊரில் ரோடு என்றார்கள், மழை என்றார்கள், விதி என்றார்கள், யாரும் என்னைச் சொல்லவில்லை, சேர்மக்கனியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

மாசி எட்டாம் தேதி கிராம நர்ஸ் ஜெயமணி வந்து பார்த்தாள். நாலு ஊருக்கு ஒரே நர்ஸ் அவள், ஒரு ஸ்கூட்டியில் ஓடி ஓடி அத்தனையையும் கட்டி மேய்க்கிறவள். கையைக் கழுவி உறை போட்டுச் சோதித்துவிட்டு, "தலை நல்லாத் திரும்பியிருக்கு, கர்ப்பவாய் நாலு சென்டி திறந்திருக்கு, பத்து ஆச்சுன்னா பிள்ளைதான். இப்பமே கிளம்புனா பொழுது சாயுமுன்ன பெரியாஸ்பத்திரிக்குப் போயிரலாம்" என்றாள்.

"நா வரல சிஸ்டர்" என்றாள் சேர்மக்கனி.

"வராம என்ன செய்யப்போற?"

"பாலத்தத் தாண்டி நா பிள்ள பெற மாட்டேன். அந்த ரூமத் திறக்கச் சொல்லுங்க."

"அது பூட்டியில்லா கெடக்கு."

"அப்பம் திறக்கது வரைக்கும் இது வராது" என்று சொல்லிவிட்டு அவள் வயிற்றில் கையை வைத்து, "கேட்டுக்கிட்டியா?" என்றாள். உள்ளே இருந்து ஒரு உதை வந்ததைச் சேலைக்கு மேலேயே நாங்கள் பார்த்தோம்.

வலியில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் பார்த்தபோதும் நாலு சென்டி, மறுநாள் நாலு சென்டி, அதற்கு மறுநாளும் நாலு சென்டி. பனிக்குடம் உடையவில்லை, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நூற்று நாற்பதில் சீராக ஓடியது. மூன்றாம் நாள் அவள் புருஷன் தங்கத்துரை அழுது மன்றாடி அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினான். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற இஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன் அவன், அதிகம் பேசத் தெரியாதவன். ஆம்புலன்ஸ் ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் வலி நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரியில் சோதித்த டாக்டரம்மா, வலியும் இல்லை, வாயும் திறக்கவில்லை, எதற்குக் கூட்டிவந்தீர்கள் என்று சத்தம் போட்டார், வலி வர மருந்து ஏற்றியும் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை, வலி வந்ததும் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது முன்சக்கரம் பாலத்தில் ஏறியதும் வலி வந்தது. இப்படி மூன்று தடவை கொண்டுபோய் மூன்று தடவை கொண்டுவந்தார்கள், நாலாவது தடவை ஆம்புலன்ஸ் டிரைவரே வேண்டாம் என்றுவிட்டார்.

பிறகு மாவட்டத்திலிருந்து மூன்று டாக்டர்கள் கார் பிடித்து வந்து, அவளை உட்காரவைத்து, ஆஸ்பத்திரி என்றால் பயமா என்று தன்மையாகக் கேட்டார்கள். "ஆஸ்பத்திரி வேண்டாம்னு நா சொல்லல சார். இங்க வேணும்னு சொல்லுதேன்" என்றாள் அவள். அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதிக்கொண்டு போனது என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது.

அதிசயம் ஒரு வாரத்துக்குத்தான் அதிசயமாக இருக்கும், அதற்கப்புறம் அதையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டும். வீட்டில் சும்மா கிடந்தால் வலி கூடத் தெரிகிறது என்று பத்தாம் நாள் சேர்மக்கனி உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டாள். பாத்தியில் இறங்கி உப்பு வாரவும் தலையில் சுமக்கவும் யாரும் விடவில்லை, கொட்டகை நிழலில் சாக்கு தைக்கிற வேலையைக் கொடுத்தார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவாள், அந்த ஒரு நிமிஷமும் பாத்தியில் நின்ற நாற்பது பெண்களும் வாருபலகையை ஊன்றிக்கொண்டு, சுமந்துகொண்டிருந்தவள் சுமையை இறக்கி வைத்துவிட்டு, அவளைப் பார்த்தபடி நிற்பார்கள். முதலில் பாவப்பட்டு நின்றார்கள், பிறகு பழக்கத்தில் நின்றார்கள், பிறகு முதுகை நிமிர்த்தி நின்று கடல் பக்கம் பார்ப்பது எத்தனை சுகம் என்று கண்டுபிடித்து நின்றார்கள். அந்தப் பாத்திகள் வெட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் ஒரு நிமிஷம் சும்மா நின்றது கிடையாது.

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. "ஒருத்திக்கு வலின்னா ஒருத்தி நிக்கணும். நாப்பது பேருக்குமா வலிக்கு?" என்றார்.

"எனக்குப் பத்து வருசமா வலிக்கு அண்ணாச்சி, நிக்க இப்பம்தான் நேரம் கெடச்சுருக்கு" என்றாள் ஜெனோவா. கடற்கரைத் தெருப் பெண், அவளும் அப்போது முழுகாமல் இருந்தாள், வாய்க்குப் பஞ்சமே கிடையாது. கங்காணி வேறு வேலை இருப்பதுபோலத் திரும்பிப் போனார், அந்த மாதம் உப்பு ஒரு மூட்டைகூடக் குறையவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

ஊரும் வலிக்குப் பழகியது. தங்கத்துரை வலி பார்த்து இஞ்சினைப் போட்டான், வலி பார்த்து அணைத்தான். டீக்கடையில் இரண்டு வலி நேரத்துக்கு மேல் பெஞ்சில் உட்காரக்கூடாது என்று ஆயிற்று, காலை பஸ் எட்டரை மணிக்கு என்று யாரும் சொல்வதில்லை, எட்டரை வலிக்கு என்றார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை போடுகிறவர்கள்கூட அந்த ஒரு நிமிஷம் வாயை மூடினார்கள், மூடியதில் எதற்குச் சண்டை என்பது மறந்துபோய்ச் சில வீடுகள் தப்பித்தன. என் பால்வாடிப் பிள்ளைகள் கடிகாரம் இல்லாமலே ஒவ்வொரு வலிக்கும் ஒன்றிலிருந்து அறுபது வரை எண்ணப் படித்தார்கள். வயிற்றிலிருந்த பிள்ளையும் ஊர்க்கணக்கில் சேர்ந்துவிட்டது, எதிரே வருகிறவர்கள் சேர்மக்கனியின் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து, "என்ன, இன்னைக்கும் வரலியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள், சித்திரைக் கொடையில் அதற்கும் ஒரு பங்கு பொங்கல் வந்தது. நான் மாதாமாதம் அவளுக்குச் சத்துமாவு கொடுத்தேன். கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு எழுத்தில் தேதி தாண்டியது என்று வந்தது, பிறகு பிள்ளை பிறந்ததா இறந்ததா என்று கேட்டது, இரண்டும் இல்லை என்று பதில் போட அதில் இடமில்லை.

வைகாசியில் ஜெனோவாவுக்கு வலி எடுத்தது. அவளுக்கும் நாலு சென்டியில் நின்றது. ஆனி பிறந்ததும் இன்னும் மூன்று பேர். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, ஒரே நேரத்தில் விட்டது, ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் செந்தூர்பாண்டி சாக்குக் கொட்டகைக்கு வந்தார். ஆள் ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை, எல்லாவற்றையும் தான் கொடுத்ததாக இருக்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். "ஏ பிள்ள, உங்களுக்குன்னு ஏசி காரு ஒண்ணு வாங்கி ஊர்லயே நிப்பாட்டுதேன். வலிச்சா ஏறிப் போங்க" என்றார்.

"காரு பேறுகாலம் பாக்குமா அண்ணாச்சி?" என்றாள் சேர்மக்கனி.

"காரு கொண்டுபோய் விடும், ஆஸ்பத்திரி பாக்கும்."

"ஐப்பசியில பாலத்துல சேறு நிக்குமே, காரு நீந்துமா?"

"ஒருத்தி பிடிவாதத்துக்கு ஊரே ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த வாரம் மேலே சொல்லி வாங்கிய ஒரு காகிதத்தோடு வந்து அதைப் பிரசவ அறைக் கதவில் ஒட்டினார். ஆடி முதல் தேதி பகல் பன்னிரண்டு மணி வரை அந்த அறையில் பிரசவம் எதுவும் நடக்காவிட்டால் அதைப் பிரசவ அறை என்ற பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுப் பஞ்சாயத்துச் சாமான் போடுகிற கிட்டங்கியாக வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. பூட்டிய அறையில் எப்படிப் பிரசவம் நடக்கும் என்று அதில் இல்லை.

எல்லாம் வீம்பாகவே நடந்தது என்று நான் சொன்னால் அது பொய். ஆனி கடைசியில் ஒரு நாள் சேர்மக்கனி பால்வாடிக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து, "முதுகு ஒடியுது டீச்சர்" என்று சொல்லி அழுதாள். ஜெயமணி வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டாள், மறுபடி வைத்துக் கேட்டாள். நூற்று நாற்பதாக இருந்த துடிப்பு நூற்று இருபதுக்கு வந்திருந்தது, இரண்டு நாள் கழித்து நூற்றுப் பத்தில் நின்றது. "பிள்ள களைச்சுப்போச்சு டீச்சர். இவ பிடிவாதம் நியாயந்தான். ஆனா அது எத்தன நாள் தாங்கும்?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். நான் சேர்மக்கனியிடம் அதை மறைக்கவில்லை. அவள் வயிற்றைத் தடவிக்கொண்டே, "அப்பம் அவிய திறக்கதுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றாள்.

ஆடி முதல் தேதி காலை எட்டு மணிக்கு நான் செந்தூர்பாண்டி வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கேட்டேன். சண்டை வரும் என்று நினைத்துப் போனேன், அவரோ சிரித்துக்கொண்டே அரைஞாணிலிருந்து அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டார். ஏன் சிரித்தார் என்பது கதவுக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது. ஆறு வருஷ உப்புக்காற்றில் பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது, சாவி உள்ளேயே நுழையவில்லை. திரும்பிப் பார்த்தேன். உப்பளத்து நாற்பது பெண்களும் வேலைக்குப் போகாமல் வந்து நின்றார்கள், அதில் ஒருத்தி கெட்டி உப்பு உடைக்கிற கடப்பாரையோடு வந்திருந்தாள். அதை நான்தான் வாங்கினேன். மூன்றாவது அடியில் கொண்டி கழன்று விழுந்தது.

உள்ளே இருந்ததைப் பெண்கள் உப்பு சுமக்கிற மாதிரியே வரிசை போட்டுச் சுமந்தார்கள், ஒரு வரிசை உள்ளே போனது, ஒரு வரிசை வெளியே வந்தது. சேர்மக்கனி வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டிருந்தாள். பிளீச்சிங் மூட்டைகள் வெளியே வந்தபோது ஜெயமணி சோதித்துவிட்டு ஐந்து சென்டி என்றாள், எல்லோரும் ஒரு கணம் நின்றுவிட்டு வேகமாகச் சுமந்தார்கள். புகை மிஷின் வந்தபோது ஆறு, பந்தல் துணி வந்தபோது ஏழு, தரையையும் சுவரையும் கட்டிலையும் சோப்புத்தண்ணீரும் பினாயிலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தபோது எட்டு. பத்து நிமிஷ வலி ஐந்து நிமிஷமாகி, மூன்று நிமிஷமாகி, ஊரில் நேரமெல்லாம் குழம்பியது. தங்கத்துரை கரண்ட் போனால் ஆகாது என்று உப்பளத்து ஜெனரேட்டரை வண்டியில் வைத்து இழுத்து வந்தான். ஜெயமணி ஆறு வருஷமாக ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு அலைந்த பிரசவப் பெட்டியை எடுத்தாள், ஆம்புலன்ஸுக்கும் போன் போட்டு, அவசரம் வந்தால் இருக்கட்டும், வாசலில் வந்து நில்லுங்கள் என்றாள். கடைசியாகச் செந்தூர்பாண்டியின் முகம் போட்ட பிளக்ஸ் போர்டை ஜெனோவா தூக்கி வந்து வெளிச்சுவரில் முகம் உள்பக்கமாகச் சாத்தினாள். உள்ளே பத்து சென்டி.

ஜெயமணிக்குக் கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நான் கதவுக்கு வெளியே, கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். "டீச்சர் வரட்டும்" என்று உள்ளேயிருந்து சேர்மக்கனியின் குரல் வந்தது.

போனேன். அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டேன், என் இரண்டு கையையும் அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. பனிக்குடம் உடைந்து தண்ணீர் தெளிவாக வந்தது. முக்கு என்று ஜெயமணி சொன்னபோது முக்கினாள், நிறுத்து என்றபோது நிறுத்தி மூச்சு வாங்கினாள், நூற்று நாற்பத்தாறு நாள் பழகிய மூச்சு அது. பதினொன்றே முக்காலுக்குத் தலை தெரிந்தது. பன்னிரண்டு அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது தோள் திரும்பி முழுப்பிள்ளையும் ஜெயமணியின் கையில் வந்து விழுந்தது, பெண்பிள்ளை.

அழவில்லை. உடம்பு துவண்டு நீலமாக இருந்தது, அந்த நீலம் எனக்குத் தெரிந்த நீலம். ஜெயமணி காய்ந்த துணியால் துடைத்து, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தாள், கட்டிலோரத்திலேயே வெதுவெதுப்பான விளக்குக்கு அடியில் கிடத்தித் தலையை நேராக்கி மூக்கையும் வாயையும் மூடுகிற குட்டி முகமூடியை வைத்துக் காற்றுப்பையை அழுத்தினாள். "முதல் ஒரு நிமிஷந்தான் டீச்சர், அதுக்குள்ள மூச்சு வரணும்" என்று முன்பு ஒருமுறை எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம், யாரும் சொல்லாமலே, பால்வாடிப் பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். பத்து என்றார்கள், இருபது என்றார்கள், சேர்மக்கனி கண்ணை மூடவே இல்லை, முப்பது என்றார்கள், வாசலில் நாற்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நாற்பது என்றார்கள், நாற்பத்தொன்று என்றபோது பிள்ளை அழுதது. அழுதது என்றால் சாதாரணமாக இல்லை, ஐந்து மாசத்துச் சத்தத்தையும் சேர்த்து அழுதது. நானும் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

பிள்ளையைக் குளிப்பாட்டாமல், துடைத்த மேனிக்கு அவள் வெறும் நெஞ்சில் போட்டு, மேலே போர்வை போர்த்தினாள் ஜெயமணி. தொப்புள்கொடித் துடிப்பு நின்ற பிறகு வெட்டினாள், நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எடை போட்டாள், மூன்று கிலோ நூறு. பிள்ளை தானாக முட்டி முட்டி மார்பைத் தேடியது. மஞ்சளாய்க் கெட்டியாய்ச் சீம்பால் கசிந்திருந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. செந்தூர்பாண்டி பட்டு வேட்டி கட்டி வந்திருந்தார், பின்னால் ஊர் ஆண்களும் ஒரு போட்டோக்காரரும். கையில் வெள்ளிக் கிண்ணம், அதில் தேன், தேனுக்குள் மோதிரம். "சாவி குடுத்தவன் நான்லா. முத சேனை நான்தான் வைக்கணும், பிள்ள என்னய மாதிரி பேர் எடுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் ஏறினார்.

"சேனையெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலத் தவிர தண்ணிகூடக் கெடயாது" என்றாள் ஜெயமணி.

"பெரியவிய வந்து நிக்காவ, ஒரு சொட்டுதான" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். இன்னொருவரும் அதையே சொன்னார். சேர்மக்கனியின் மாமியார்கூடத் தலையை ஆட்டினாள். ஒரு சொட்டுதான், ஒரு சொட்டுதான் என்று அது அறைக்குள் வந்துகொண்டே இருந்தது.

சேர்மக்கனி பிள்ளையின் தலையை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "டீச்சர்" என்றாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "குடுங்க அண்ணாச்சி, நா வைக்கேன்" என்று கையை நீட்டினேன். நான் வைத்தால் போட்டோ விழாதே என்று அவர் யோசிப்பதற்குள் கிண்ணம் என் கைக்கு வந்துவிட்டது. மோதிரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், கிண்ணத்தை வாயில் சாய்த்து அத்தனை தேனையும் நான் குடித்தேன், அடியில் இருந்ததை விரலால் வழித்தும் குடித்தேன். போட்டோக்காரர் ஒன்று எடுத்துவிட்டார்.

"என்ன காரியம் செய்தீய டீச்சர்?" என்றார் செந்தூர்பாண்டி.

"உங்க சேனைய நா வச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. இனிமே உங்க குணம் எனக்கு வந்துரும். பிடிச்சத விடமாட்டேன்."

ஜெனோவாதான் முதலில் சிரித்தாள், பிறகு நாற்பது பேரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ள பிறந்துட்டுல்லா, மணியும் பன்னெண்டு தாண்டிட்டு. வண்டி வாசல்லதான நிக்கு, தாயையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு எல்லாரும் வெளிய வாங்க. இன்னொரு பூட்டு இருக்கு எங்கிட்ட" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

ஜெனோவா சிரிப்பை நிறுத்திக்கொண்டு இடுப்பைப் பிடித்தபடி அவருக்கு நேரே வந்தாள். அவள் வாசற்படியில் ஒரு காலை வைத்ததும் அவளுடைய பனிக்குடம் உடைந்தது, தண்ணீர் மொத்தமும் அவருடைய செருப்பிலும் பட்டு வேட்டிக் கரையிலும் விழுந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் நவுருங்க அண்ணாச்சி, இங்க வேலை கெடக்கு" என்றாள் ஜெயமணி, புதுக் கையுறையை இழுத்துப் போட்டபடி.

அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். சாவியை நான் அன்றைக்கே அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் அவர் அரைஞாணில் அது கிடக்கிறது.

ஐந்து பிள்ளைகளும் பிறந்து முடிய மறுநாள் ஆகிவிட்டது, அதற்கு மறுநாள் பெற்றவர்கள் ஐந்து பேர் போக மற்றப் பெண்கள் உப்பளத்துக்குப் போனார்கள். வலி யாருக்கும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு, பால்வாடியில் பிள்ளைகள் என்னைக் கேட்காமலே ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார்கள், அந்தச் சத்தம் காற்றில் பாத்திவரைக்கும் போனது. பாத்தியில் இருந்த அத்தனை பெண்களும் வாருபலகையை ஊன்றி, முதுகை நிமிர்த்தி நின்றார்கள்.

"அதான் எல்லாருக்கும் பிள்ள பிறந்துட்டுல்லா, இன்னும் எதுக்கு நிக்குதிய?" என்று கங்காணி கேட்டாராம்.

பிள்ளைகள் அறுபது என்று சொன்ன பிறகுதான் அவர்கள் குனிந்தார்கள்.